நட்சத்திரமும் வட்டமும்

தோட்டத்து லய வீடுகளின் தகரக் கூரையில் மழை இரைகிறது. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார் லியனார்ட் தன் வீட்டு மேசையில் குனிந்திருக்கிறார். முன்னால், ஐந்தைந்து பொத்தான்களை நூலால் இணைத்துக் கட்டிய இரண்டு உருவங்கள். வட்டம் அவர் முன்னமே கட்டியது. நட்சத்திரம், போன மாதம் காய்ச்சலில் போய்விட்ட மகள் இசபெல் கடைசியாகக் கட்டியது. நூலை அறுக்காமல் பொத்தான்களை நகர்த்தியே ஒன்றை மற்றதாக்க முடிந்தால் இரண்டும் ஒன்றுதான்; பிந்திக் கட்டியது புதுசில்லை, அதைப் பிரித்துப்போட வேண்டும். அப்பாவும் மகளும் வைத்துக்கொண்ட சட்டம் அது. ஒவ்வொரு பொத்தானாக நகர்த்துகிறார். நட்சத்திரம் மெல்லக் குலைந்து அதே வட்டமாகிறது. கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடக்கிறது. அடுப்படியிலிருந்து மனைவி மரியநாயகி கேட்கிறாள்: “புள்ள கட்டுனது புதுசுதானுங்களா?” பொத்தான்களை அவசரமாகப் பழைய இடத்துக்கே இழுத்து வைக்கிறார். “புதுசுதான்,” என்கிறார். “இப்படியொண்ண நான் கட்டுனதே இல்ல.”