நூல் முனை

அவளாலதான். சத்தியமா அவளாலதான். நூலை வாயில வெச்சு ஈரப்படுத்திக் கொடுத்தது அவதானே!

மாமா, அதாவது அக்கா புருஷன், தையல்காரர். சாயங்காலமானா ஊசிக் காது தெரியாது. "கோத்துக் கொடு கண்ணு"ம்பார். அவ நுனியை உதட்டுல வெச்சுக் கூராக்கிக் கோத்து நீட்டுவா. மிச்ச நூலைப் பல்லுல கடிச்சுப் பிடிச்சுக்கிட்டே அவர் பொத்தான் தைப்பார்.

அன்னிக்கு அவ உதட்டோரத்துல கொப்புளம் இருந்துச்சு. பரீட்சை வந்தா அதுவும் வந்துடும். அழைக்காத விருந்தாளி.

பத்து நாள் கழிச்சு, அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு மாமா உதட்டுல.

"எவளுக்கு முத்தம் கொடுத்துட்டு வந்தீங்க?"ன்னு அக்கா கேட்டது தெருவுக்கே கேட்டுச்சு.

மாமா விளையாட்டுன்னு நினைச்சுட்டார். "கடையில இருக்கறது ஒரே ஒரு பொம்மை. அதுக்கும் தலை கிடையாதேடி"ன்னு சிரிச்சார்.

அந்தச் சிரிப்புதான் வினையாப் போச்சு. மூணு நாளா கடையிலேயே, துணி வெட்டுற மேஜை மேல படுக்கிறார்.

இன்னிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் மருந்துக்கடை அம்மாகிட்ட போய் நின்னா. அழாம கேக்கணும்னு நினைச்சா. முடியல.

"நூல்ல எல்லாம் அவ்வளவு சுலபமா ஒட்டாதும்மா. பெரும்பாலும் முத்தம்தான். நிறைய பேருக்குச் சின்ன வயசுலயே வீட்டாளுங்க கொஞ்சறப்போ வந்துடும். அப்புறம் உள்ளேயே தூங்கும், முழிக்கும். கொப்புளம் இல்லாத நாள்லகூட அடுத்தவங்களுக்குப் போகலாம்."

அப்போ மாமா நிஜமாவே...?

வேண்டாம். பழி தன் தலையிலயே இருக்கட்டும். வீட்டுக்கு ஓடினா.

அக்கா மாமாவோட சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தா. அவ மூச்சு வாங்க எல்லாத்தையும் கொட்டினா. நூல், கொப்புளம், மருந்துக்கடை, எல்லாம். கன்னத்துல ஒண்ணு விழும்னு கண்ணை மூடிக்கிட்டா.

விழல.

கண்ணைத் திறந்தப்போ, அக்கா தன் உதட்டோரத்தை விரலால தடவிக்கிட்டு இருந்தா. உதட்டுச் சாயத்தை எப்பவும் கொஞ்சம் அழுத்திப் பூசற இடம்.

"நீ நடை பழகினப்போ எனக்குக் கொப்புளம் வந்திருந்துச்சு. பாப்பா கிட்ட போகாதேன்னு அம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான் கேக்கல. உன்னைத் தூக்கி வெச்சு முத்தமா கொடுத்தேன். உனக்கு வந்ததே என்னாலதான்டி."



"தெரிஞ்சுமாக்கா மாமாவை...?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வெச்சா. காலரை ரொம்ப நேரம் நீவினா, சுருக்கமே இல்லாத காலரை.

"கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. உனக்கு இது இருக்கறதை ஏன் சொல்லலைன்னு அவர் என்னைக் கேக்கறதுக்குள்ள, நான் முந்திக்கிட்டேன்."

அவ கையில இருந்த போன் அடிச்சுது. மாமா.

அக்கா வேண்டாம்னு தலையை ஆட்டினா. கையெடுத்துக் கும்பிடாத குறை.

அதுக்குள்ள அவ எடுத்துட்டா.

"சாப்பிட்டியா கண்ணு? அக்காகிட்ட மெதுவா கேட்டுச் சொல்லேன். நான் அப்படி என்னதான் தப்பு பண்ணினேன்?"