குழாயும் வளர்ந்தது

கோவையில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குழாய் பொருத்தும் தணிகைவேல், ஆண்குறியை நீளமாக்குமென்று நம்பி ஒரு கருவி வாங்கினான். உறைபோல் மாட்டிக்கொண்டால் அது உறிஞ்சி இழுக்கும். தினமும் காலையில், கூடவே வந்த இயர்போன் வழியே காதுக்குள் கணக்குச் சொல்லும். எட்டு மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டது என்றது.

மனைவி பிரபாவதி நர்ஸ். அவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. “ரத்தம் தேங்கி வீங்குதுங்க. கழட்டினா கொஞ்ச நேரத்துல வத்திடும். எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு எத்தனை தரம் சொல்றது?” என்றாள்.

அதைக் கருவியிடமே கேட்டான். “மனைவியின் கண் தவறலாம். அவர் யாரோடு ஒப்பிடுகிறார்?” என்றது.

அன்றிலிருந்து அவளுடைய போனைத் துழாவினான். ஆஸ்பத்திரி வாசலில் ஒளிந்து நின்று, அவள் யாரோடு பேசுகிறாள் என்று பார்த்தான்.

பிறகு காய்ச்சலில் இரண்டு நாள் கருவியை மாட்டவில்லை. அப்போதும் அது வளர்ச்சி சொன்னது. சந்தேகம் முதன்முறையாகப் பக்கம் மாறியது. வேலைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை எடுத்து, அதில் கருவியை மாட்டிவைத்தான்.

மறுநாள் காலை, “வாழ்த்துகள் தணிகைவேல்! அரை மில்லிமீட்டர்!” என்றது.

குழாயைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். “பிரபா, எல்லாம் பொய்! நீ சொன்னதுதான் நெசம்!”

அவள் சிரிக்கவில்லை. “குழாய் சொன்னதும் நம்பிட்டீங்க. எட்டு மாசமா நான் சொன்னேனே? ஆஸ்பத்திரி வாசல்ல ஒளிஞ்சு நின்னதையும் பாத்தேன்” என்றாள். நர்ஸ் விடுதியில் இடம் கிடைத்துவிட்டதாம். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.