மண் தொடாத துளசி

வெளியே வைத்தால் ஆலைக்கரி படிகிறதென்று, பிரவுசிங் சென்டரில் வழிமுறையைப் படித்துவிட்டு, வைதேஹி அறைக்குள்ளேயே ட்யூப்லைட் வெளிச்சத்தில் துளசி வளர்த்தாள். தொட்டியில் மண் இல்லை. சுட்ட களிமண் உருண்டைகள்தான். மோட்டார் ஓடினால் தண்ணீர் ஏறி வேரை நனைக்கும், நின்றால் வடிந்துவிடும்.

"மண்ணுல வளராத துளசியைப் பெருமாளுக்கு எப்படிச் சாத்தறது? மனசு ஒப்பலை," என்றார் அவள் கணவர், கோயில் அர்ச்சகர் ராமபத்ரன்.

"வாசனை பாருங்கோளேன்."

"கோயில் வாசல்ல பூக்காரி செங்கம்மா தராளே, அதுன்னா துளசி! பிரகாரமே மணக்கறது. எந்தத் தோட்டத்து மண்ணோ!"

அப்போது கொல்லைக் கதவருகே செங்கம்மாவின் குரல் கேட்டது.

"யம்மா, அய்யரு கோயிலுக்குப் பூட்டாரா? எப்பவும் போல தொட்டித் துளசி பறிச்சிக்கினு போவட்டா?"

ராமபத்ரன்தான் கதவைத் திறந்தார்.

"வா, செங்கம்மா. இன்னிக்குக் கொஞ்சம் கூடவே பறிச்சுக்கோ."