அந்தமான் போய்வந்த சுருட்டை முடி

அந்தமானில் மீன் பிடிக்க வலையே வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று சர்புதீன் அடித்துவிட்டபோது, செருப்புக் கடையில் இருந்த அத்தனை பேரும் வாய் பிளந்தார்கள்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரைதான். திரைக்குப் பின்னால் அவர் மனைவி பாத்திமுத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கூடை வெங்காயம். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

கல்யாணமான புதிதில், கப்பலேற்றித் தீவுக்கு அழைத்துப் போகிறேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னவர்தான். அந்தப் பேச்சுக்கு மீசை முளைத்து நரையும் விழுந்த பிறகு, எண்பத்தேழில், ஒற்றை டிக்கெட்டோடு வந்து நின்றார்.

பொம்பளைகளுக்குக் கடல் ஒத்துக்காதாம்.

அந்த ஒற்றை டிக்கெட்டையும் விழுங்கிக்கொண்டு, உப்புக்கண்டம் வறுத்துக் கட்டிக்கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் பாதி கள்ளக்குறிச்சி திரண்டு மாலை போட்டது. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கியவர்கள், மாப்பிள்ளை யார், பெண்ணைக் காணோமே என்று விசாரித்தார்களாம்.

அவர் கிளம்பிய இரவுதான் மறியல் தொடங்கியது. இடஒதுக்கீடு கேட்டு, உளுந்தூர்பேட்டை ரோடு நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்கக் காக்காய்கூட ரோட்டில் நடந்துதான் போனது.

நல்லவேளை, பாய் அதற்குள் மெட்ராஸ் போய்க் கப்பல் ஏறியிருப்பார் என்று ஊரே சொன்னது. அவளும் நம்பினாள்.

“தண்ணி இருக்குதே, கண்ணாடி! அள்ளிக் குடிச்சா இனிக்குது.” திரைக்கு அந்தப்பக்கம் சர்புதீன் நீந்திக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய், கடல் தண்ணி உப்பு இல்லியா?” என்றார் கண்ணாயிரம். செருப்பு வாங்க வந்து, ஒற்றைக் காலில் மாட்டியபடி மறு காலை மறந்து நிற்பவர்.

“அது நம்ம கடலூர் கடல்பா. அங்க சர்பத்து! பொழுதுக்கும் தென்ன மரத்து நெழல்ல கயித்துக் கட்டில் போட்டுப் படுத்துக்கினு இருக்க வேண்டியது. வாயத் தொறந்தா இளநி. பசிச்சா கேவுரு களி.”

“அந்தமான்ல களியா?”

“ஒலகமே நம்மளப் பாத்துதான் கத்துக்குது கண்ணாயிரம்!”

கடை அதிரச் சிரித்தது. சர்புதீன் தன் சுருட்டை முடியை ஒருமுறை கோதிவிட்டுக்கொண்டார். ஊர்ச் சீப்புகளில் பாதி பல் இழந்தது அந்த முடியால்தான். அதைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தேன் என்று பாத்திமுத்துவின் அத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பாத்திமுத்து திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“ஏங்க, சொல்ல மறந்துட்டேன். கடல் கொந்தளிக்குதுன்னு ரேடியோல சொன்னாங்களா, பயந்துக்கினு நாகூருக்குப் போயி நேர்ச்ச வெச்சுட்டேன். கடல் தாண்டிப் போன மனுசன் உசுரோட வூடு வந்து சேந்தா, உங்களுக்கு மொட்டை.”

சர்புதீனின் கை முடியிலேயே நின்றுவிட்டது.

“ஒரு சேவல் குடுத்துடலாமே, பாத்து.”

“கடல் தாண்டுனது சேவலா, நீங்களா?”

கடையே அவள் பக்கம் சாய்ந்தது. நாகூர் ஆண்டவரை ஏமாற்றக் கூடாது பாய், அடுத்த கப்பல் கவிழும் என்றார் கண்ணாயிரம். தப்பிக்க சர்புதீனுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்ததைப் பாத்திமுத்து பார்த்தாள். கடை நிறைய இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு அது வயிற்றுக்கே திரும்பிப் போனதையும் பார்த்தாள்.

“விடியக்கால பஸ்ஸு. போன தடவ நான் சன்னலோரம் குந்திக்கினேன். இந்தத் தடவ நீங்க குந்துங்க.”

திரை மூடிக்கொண்டது. அவள் திரும்பவும் வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

போன தடவை, மரங்களை அப்புறப்படுத்தி ரோடு திறந்ததும் புறப்பட்ட முதல் பஸ். பக்கத்து வீட்டுத் தைலம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கடலில் இருக்கும் மனுசனுக்காக நாகூர் ஆண்டவரிடம் அழப் போய்க்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் இரண்டு பக்கமும் நகர்ந்தன. தைலம்மாள் அவள் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள்.

எலவனாசூர்கோட்டை தாண்டி ஒரு கிணறு. பக்கத்தில் தென்னை. நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில், அதில் படுத்திருந்த ஒரு ஆள். யாரோ ஒரு பெரியவர் இளநீர் சீவிக்கொண்டிருந்தார்.

மரம் விழுந்து சர்புதீனின் பஸ் நின்றுபோன அந்த வாரத்தை அவள் மன்னித்திருப்பாள். மாலை போட்ட ஊருக்கு அவர் எந்த முகத்தோடு நடந்து வருவார்? ஆனால் இப்போது ரோடு திறந்துவிட்டது. அவர் வரவில்லை. கப்பல் திரும்புகிற நாள் இன்னும் வரவில்லையே!

ஓடுகிற பஸ்ஸைப் பார்த்ததும், கட்டிலில் கிடந்த ஆள் தலையைத் தூக்கினார். தூரத்தில் போகும் கப்பலுக்கு ஆட்டுவதுபோல் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

யாரோ வழிப்போக்கர் என்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாத்திமுத்துவும் கையை ஆட்டினாள்.

அப்புறம்தான் அந்த முடியைப் பார்த்தாள்.