சம்பூர்ணத்தின் கண்ணீர்ப் பேட்டி

செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜெகதாம்பாள், மொட்டைத் தலையோடு இருந்த தன் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துத் தெருவில் தரதரவென்று இழுத்து வந்தாள். "இருவத்திரண்டு வயசாச்சி, புத்தி கீதா? நட!" என்று அவள் போட்ட சத்தத்தில், கல் யானைக்குத் தும்பிக்கை செதுக்கிக்கொண்டிருந்த தேசப்பன் உளியைக் கீழே வைத்துவிட்டான்.

"சம்பூர்ணம், இன்னொரு அம்மா வந்துகினு கீது!" என்று பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "நல்லா அழு. சண்ட கிண்ட வரக்கூடாது, சொல்லிட்டேன்."

உள்ளே சம்பூர்ணத்துக்குக் குஷி பிறந்துவிட்டது. ஓடிப்போய் ஜிமிக்கியைக் கழற்றினாள், கண் மையை லேசாகக் கலைத்தாள், பட்டுப் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெளுத்துப்போன நூல் புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டாள். அழுகை வேலைக்கென்றே அவளிடம் தனி உடுப்பு இருந்தது.

முட்டுக்காட்டில் அவளுக்குச் சம்பந்தம் என்று பேர் வைத்து ஆண்பிள்ளையாகத்தான் வளர்த்தார்கள். பதினேழு வருஷத்துக்கு முன்னால் பெண்ணாக மாறி, சம்பூர்ணமாக மாமல்லபுரத்துக்கு வந்து சேர்ந்தாள். இந்த எழுபத்தேழாம் வருஷத்து ஆடியில் அவள் கரகம் ஆடாத அம்மன் கோயில் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, 'நானும் இவள மாதிரிதான்' என்று நாலைந்து ஊர் வயசுப் பிள்ளைகள் வீட்டில் வாயைத் திறந்தார்கள். அவ்வளவுதான், அம்மாக்கள் துடைப்பத்தோடு சம்பூர்ணத்தின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "இன்னொரு தபா சண்ட வந்துச்சி, வூட்ட காலி பண்ணிடணும்" என்று வீட்டுச் சொந்தக்காரனான தேசப்பன் கறாராகச் சொல்லிவிட்டான். அவனை விட்டால் அந்த ஊரில் அவளுக்கு வீடு கொடுக்க ஆளே இல்லை.

அந்த நேரம் பார்த்து மெட்ராஸிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்காரர் வந்தார். "பொண்ணா மாறினதுக்கு வருத்தப்படுறீங்களா? கொஞ்சம் அழுதீங்கன்னா போட்டோ நல்லா வரும்" என்றார். ஆடச் சொன்னால் ஆடுகிறவள் அழச் சொன்னால் சும்மா விடுவாளா? மூக்கைச் சிந்தி, மண்ணை வாரித் தூற்றி, அவர் கேட்காததற்கும் சேர்த்து அழுதாள். 'பெண்ணாகி நான் கண்டது கண்ணீரே!' என்று இரண்டு பக்கத்துக்குப் போட்டுவிட்டார்கள்.

அவரை பஸ் ஏற்றிவிட்ட கையோடு வீட்டுக்கு வந்து, வஞ்சிரம் வறுவலை வைத்துக்கொண்டு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டவள் அவள். பெண்ணானதற்காக அவள் ஒரு நாளும் வருந்தியதில்லை.

ஆனால் பேட்டி வந்த பிறகு எல்லாம் தலைகீழாக மாறிப்போனது. அம்மாக்கள் வாழைப்பழச் சீப்போடு பிள்ளைகளைக் கூட்டி வந்து, "உன் வாயாலயே சொல்லு தாயி" என்று கெஞ்சினார்கள். சம்பூர்ணம் அழுதாள். பிள்ளைகள் பயந்துபோய், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். "இப்பிடியே அழுதுகினு இரு, வூடு உனக்குத்தான்" என்று தேசப்பனும் சிரித்தான். சாப்பிட உட்காரும்போது மட்டும் அந்தப் பிள்ளைகளின் முகம் சில நாள் அவளுக்கு ஞாபகம் வரும். வந்தால் இன்னொரு துண்டு மீனை எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

"சம்பூர்ணம்ன்றது நீதானா?"

வாசலில் ஜெகதாம்பாள் வந்து நின்றாள். தான் வெயிலில் காய்ந்துகொண்டு, கையிலிருந்த குடையைப் பிள்ளையின் மொட்டைத் தலைக்கு மேலே பிடித்திருந்தாள்.

"நான்தான் யக்கா, அந்தப் பாவி நானேதான்!" என்று சம்பூர்ணம் படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். "மொட்ட போட்டே கூட்டியாந்துட்டியா? நல்ல காரியம் பண்ண!"

"நானா போட்டேன்?" ஜெகதாம்பாள் பல்லைக் கடித்தாள். "எனக்குத் தெரியாம திருக்கழுக்குன்றம் போயி, தானே போட்டுகினு வந்து நிக்கிது!"

அப்படியானால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று சம்பூர்ணத்துக்கு உற்சாகம் கரைபுரண்டது. மார்பில் அடித்துக்கொண்டு எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குப் போனாள்.

"வேணாம் கண்ணு, என்னிய பாத்து மயங்காத! பூ வெச்சேன், பொட்டு வெச்சேன், வளவி போட்டேன், இன்னா சொகத்த கண்டேன்? பெத்தவளுக்கு புள்ளையா இல்லாம போனேனே! ஆம்பளையாவே இருந்துடு ராசா!"

பிள்ளை தேம்பத் தொடங்கியது. தேசப்பன் சினிமா பார்ப்பதுபோல் தலையை ஆட்டி ரசித்தான். கூட நாலு பேர் கூடிவிட்டார்கள். ஆள் சேர்ந்ததைக் கண்டதும் சம்பூர்ணத்துக்குக் கை கால் நிற்கவில்லை. தெருவில் ஒரு புரளு புரண்டுவிடலாம் என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

ஜெகதாம்பாள் சட்டென்று குடையை மடக்கினாள். அடி விழப்போகிறது என்று சம்பூர்ணம் பாதி ஒப்பாரியில் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆச்சா?" என்றாள் ஜெகதாம்பாள். "இந்த அழுவைய பொஸ்தகத்துல படிச்சதுலேர்ந்து இது சோறு துன்னல, தூங்கல. நாலு நாளா மூலையில குந்திகினு கீது."

"அதான் புத்தி வந்துட்ச்சே யக்கா..." என்று இழுத்தாள் சம்பூர்ணம். அவள் பார்வை தேசப்பன் பக்கம் போனது.

"அந்த ஆள இன்னாத்துக்குப் பாக்குற? இங்க பாரு!" ஜெகதாம்பாள் பிள்ளையைப் பிடித்து அவள் முன்னால் நிறுத்தினாள்.

"எட்டு மாசமா என் கையால இது தலையில பூ வெச்சிவுட்டேன். நெசத்த சொல்லுடி, எம் பொண்ணு கேக்கட்டும்!"