திருப்பிவிட்ட வால்வு

"எழுதுங்க சார்! அந்தப் பசைத் தொழிற்சாலையில ஆவியைப் பிடிக்கிற மெஷின் ஒன்றரை வருஷமா ஓடல!"

அவள் மேசையைத் தட்டிய வேகத்தில் ராடோயின் காலை உணவான பனிட்சா காகிதத்தோடு கீழே விழுந்தது. மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகப் புகார் வாங்குகிறவர் அவர். இப்படி யாரும் கத்தியதில்லை.

"மேடம், மாசா மாசம் அறிக்கை வருதே! பசையைக் கரைக்கிற டொலுவீன் ஆவியில நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கைக் குளிரவெச்சுத் திரும்பப் பிடிச்சிடறாங்க. இதோ, கையெழுத்தோட இருக்கு."

"பொய்! பிடிச்சதையே திரும்ப ஊத்தறாங்கன்னா, மாசம் நாப்பது டன் புதுசா எதுக்கு வாங்கறாங்க? வால்வைத் திருப்பிவிட்டு, மொத்த ஆவியையும் புகைபோக்கி வழியா ஊர் மேல விடறாங்க. கேட்டா, கரன்ட் மிச்சமாம்!"

ராடோய் அறிக்கையைப் புரட்டினார். நாற்பது டன்னைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

"நேத்து கூரையில பனி தள்ளப் போன தொழிலாளி ருமியானா, புகைபோக்கிப் பக்கத்துல சுருண்டு விழுந்துட்டா. இன்னும் கண்ணு திறக்கல. அவ பொண்ணுங்க ரெண்டும் ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்திருக்கு."

அவள் குரல் உடைந்தது. உடனே முன்னைவிட உரக்கக் கத்தினாள். "கம்பெனி மேல எழுதுங்க. அறிக்கையில கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் மேலயும் எழுதுங்க!"

"டெனிட்சா வெல்கோவா மேலயா? நான் நேர்ல பார்த்ததில்ல. ஆனா அந்தம்மா அறிக்கையில ஒரு எழுத்துப் பிழைகூட இருக்காது. லைசென்ஸ் போயிடும், மேடம். ஜெயிலுக்கே போக வேண்டியிருக்கும். பாவம், மேலிடத்துல மிரட்டியிருப்பாங்க..."

"மிரட்டினா? வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சே பதினெட்டு தடவை கையெழுத்துப் போட்டா. வேலை போயிடுமேன்னு நடுங்கின கோழை! அவளுக்குப் போய்ப் பாவம் பார்க்கறீங்களே!"

"அவங்களுக்கும் உங்களுக்கும் ஏதாவது சொந்தப் பகையா?"

"ஆமா. நேத்துல இருந்து."

பெருமூச்சு விட்டபடி, 'குற்றம் சாட்டப்படுபவர்' என்ற இடத்தில் டெனிட்சாவின் பெயரை ராடோய் எழுதினார். "புகார் கொடுக்கறது யாரு? அடையாள அட்டையைக் குடுங்க."

அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அதைப் பார்த்து எழுதத் தொடங்கியவரின் பேனா முதல் எழுத்திலேயே நின்றது.

அட்டையில் இருந்த பெயர், டெனிட்சா வெல்கோவா.