டயருக்குக் காவல்

காரின் சங்கிலிப் பூட்டைத் திறக்கக் குனிந்த கோமதிநாயகம் பிள்ளை சாவியைக் கீழே போட்டுவிட்டார். வீட்டுக்குள்ளே அவருடைய ஒரே மகள் வடிவாம்பாள் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள்.

“வேகம் வண்டியெ எடுங்கோ! வயித்துல குட்டி குறுக்கெ கெடக்கு. இனி எங்கையில ஒண்ணுமில்ல,” என்று மருத்துவச்சி சரசம்மா வாசலில் நின்று அவசரப்படுத்தினாள். கரமனையிலிருந்து தைக்காட்டு ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் போனால் பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

கார் இருந்தது. அதற்கு டயரும் இருந்தது. அது அந்த வருஷத்தில் பெரிய விஷயம். யுத்தம் தொடங்கியதிலிருந்து புது டயர் கண்ணில் படவே இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு கார்கள் டயரைப் பறிகொடுத்துவிட்டுச் செங்கல் மேல் நின்றன.

அன்று தொடங்கியது பிள்ளைக்கு இந்தப் பித்து. சக்கரங்களில் சங்கிலி கோத்துத் தென்னைமரத்தோடு பூட்டினார். போதாதென்று சங்கிலியில் மாட்டு மணி கட்டினார். ஆடு வந்து உரசினாலும் மணி அடிக்கும், அவர் கம்போடு ஓடிவருவார், தெருவே சிரிக்கும். மகளுக்கு நாள் நெருங்க நெருங்க அவர் சரியாகச் சாப்பிடுவதைக்கூட விட்டுவிட்டார்.

மனைவி பகவதியம்மாளும் சரசம்மாவும் வடிவாம்பாளைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்கள். காரின் அருகில் வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது.

நாலு டயருக்கு முன்னாலும் குங்குமம் பூசி, ஊசி குத்திய எலுமிச்சம்பழம் ஒவ்வொன்று இருந்தது.

“எம்மா! கூடோத்திரம்!”

அவள் திரும்பி வாசல் தூணை இறுகக் கட்டிக்கொண்டாள். போன வருஷம் பிறந்த முதல் பிள்ளை ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அன்றைக்கும் வாசலில் இதே மாதிரி ஒரு பழம் கிடந்தது. செய்வினை என்ற பேச்சைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு ஆடும்.

“நான் அதுல ஏறமாட்டேன். இந்தப் பிள்ளையையும் கொண்டு போயிரும். நான் இங்கயே செத்துப் போறேன், விடுங்க!”

சரசம்மா அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பகவதியம்மாளும் பின்வாங்கிவிட்டாள். “வேற வண்டி பாருங்க,” என்று கணவரைப் பார்த்து அழுதாள்.

“வேற வண்டி வாறது வரெ இவ தாங்கமாட்டா,” என்றாள் சரசம்மா.

பிள்ளை துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

“அட, நாந்தான் வச்சேன் மக்களே!”

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“பின்னெ? சங்கிலியெ அறுத்துருவான், மணியெ அவுத்துருவான். கூடோத்திரம் வச்ச டயரெ எந்தக் கள்ளன் தொடுவான்? அதான் வச்சேன்.”

பகவதியம்மாள் நம்பவில்லை. “முக்குல ஒரு பழம் கெடந்தா ஆத்தங்கரை வழியாச் சுத்திப் போற ஆளு. நீங்களா வச்சிய?”

“அதனாலதான் எம்மேல ஒருத்தனுக்கும் சம்சயம் வராது, கேட்டியா?”

“பொய்யி,” என்றாள் வடிவாம்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “என்னெ ஏத்துறதுக்குச் சொல்லுதிய.”

பிள்ளை முன் சக்கரத்தடியில் இருந்த பழத்தை எடுத்தார். ஊசியைப் பிடுங்கி எறிந்தார். குங்குமத்தை வேட்டியில் துடைத்துவிட்டுப் பழத்தைக் கடித்து, அண்ணாந்து வாயில் பிழிந்துகொண்டார்.

“செய்வினைன்னா எவனாவது குடிப்பானா? பாரு!”

இரண்டாவதையும் பிழிந்தார். மூன்றாவதில் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. “சாலைக் கடையில வாங்குனது. என்னா புளிப்பு!” என்று சொல்லிக்கொண்டே நாலாவதையும் குடித்து முடித்தார்.

வடிவாம்பாளின் கை தூணிலிருந்து நழுவியது. அத்தனை வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்க டயரு பைத்தியத்துக்கு ஒரு அளவில்லியா அப்பா?” என்றபடி காரில் ஏறினாள்.

சங்கிலியை அவிழ்த்துவிட்டு அவர் ஓட்டிய வேகத்தில் வழியெல்லாம் வண்டிக்காரர்கள் திட்டினார்கள்.

மத்தியானம் குழந்தையின் அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை. இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

பகவதியம்மாள் வெளியே ஓடிவந்தாள். பிள்ளை ஆஸ்பத்திரிப் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பேத்தி வந்தாச்சு! தாயும் பிள்ளையும் நல்லா இருக்கா. எந்திரிச்சு வாங்க,” என்றாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கோபம்கூட வந்தது. “இனி இந்த மாதிரி எதாவது வைக்கணும்னா முன்கூட்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. காலம்பற எனக்குப் பாதி உசிரு போயிட்டு.”

“ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லியே? நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்தேன். பிள்ளையெ வந்து கையில வாங்குங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை.

“நான் உள்ள வரல்ல. பிள்ளையெத் தொடமாட்டேன்.”

“என்னத்துக்கு?”

அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் வைக்கல்ல, பகவதி.”